தூக்கினால் கழலாத விண்கப்பல்: லெகோவில் சொந்த மாடல் கட்டும் முறை

முதன்முதலாக விண்கப்பல் கட்டுகிறவர்களின் மாடல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தோற்கும். மேசைமேல் இருக்கும்வரை அழகாக இருக்கும். ஒரு கையால் தூக்கியதும் மூக்கு தனியாக, இறக்கை தனியாகக் கழன்று விழும். வெளித்தோற்றத்தை முதலில் கட்டிவிட்டு, உள்ளே எதைக் கொண்டு பிடிப்பது என்று பிறகு யோசிப்பதே இதற்குக் காரணம். இந்தக் கட்டுரை மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறது: முதலில் சட்டகம், அதன்மேல் தோல், கடைசியில் அலங்காரம். எடுத்துக்காட்டாக, ஒரு விமானி உட்காரும் 40 ஸ்டட் நீளக் கப்பலை எடுத்துக்கொள்வோம். ஸ்டட் என்பது கட்டையின் தலையில் இருக்கும் குமிழ். 40 ஸ்டட் என்றால் 32 செ.மீ.

கணக்கு முதலில்

லெகோவில் மூன்று அளவுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் 8 மி.மீ. பிளேட் என்னும் தட்டையான மெல்லிய துண்டின் உயரம் 3.2 மி.மீ. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ., அதாவது மூன்று பிளேட்.

அகலமும் உயரமும் ஒரே அளவில் ஏறுவதில்லை என்பதுதான் இதில் சிக்கல். ஆனால் 5 பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ. வரும், 2 ஸ்டட்டும் 16 மி.மீ.தான். 10 பிளேட் என்றால் சரியாக 4 ஸ்டட். பக்கவாட்டில் திருப்பி ஒட்டும் எந்தத் துண்டும் இந்த 5-க்கு-2 கணக்கில்தான் உட்காரும். விண்கப்பல் கட்டுபவர்கள் குமிழைப் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் திருப்பிக் கட்டுவதை ஸ்னாட் என்பார்கள். அந்த வித்தையின் அடித்தளம் முழுவதும் இந்த ஒரு சமன்பாடுதான்.

கட்டம் போட்ட தாளில் மேலிருந்து பார்க்கும் உருவத்தையும் பக்கவாட்டு உருவத்தையும் வரைந்துகொள்ளுங்கள். மேல்பார்வையில் ஒரு கட்டம் ஒரு ஸ்டட். பக்கப்பார்வையில் 6 கட்ட உயரத்துக்கு 5 கட்டை என்று எண்ண வேண்டும். இதை மறந்து ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டை என்று எண்ணினால், கட்டி முடித்த கப்பல் வரைந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்து, தொப்பை போட்ட மாதிரி நிற்கும்.

வரைவதற்கு முன்பே ஒன்றைக் கையில் எடுத்துவிடுங்கள்: விமானி அறையின் கண்ணாடி. மற்ற எல்லாத் துண்டுகளையும் மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடி சில அளவுகளிலும் சில நிறங்களிலும் மட்டுமே கிடைக்கும். உடலைக் கட்டி முடித்துவிட்டுக் கண்ணாடி தேடினால் அது கிடைக்காது, கிடைத்தாலும் பொருந்தாது. நம் கப்பலுக்கு 6 ஸ்டட் அகலக் கண்ணாடி வேண்டும். 4 அகலம் போதாதா என்றால் போதாது. இருபக்கச் சுவருக்கு ஆளுக்கு ஒரு ஸ்டட் போனால் உள்ளே 2 ஸ்டட்தான் மிஞ்சும். பொம்மையின் கால் நுழையும், தோளும் கையும் இடிக்கும்.

சட்டகத்துக்கு வேண்டியவை

அடைப்புக்குறிக்குள் இருப்பது துண்டின் அச்சு எண். பெரும்பாலான துண்டுகளின் அடிப்பக்கத்திலோ உட்புறத்திலோ மிகச் சிறிய எழுத்தில் இந்த எண் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.

- துளையுள்ள டெக்னிக் கட்டை 1×16 (3703): 6
- டெக்னிக் கட்டை 1×8 (3702): 4
- பிளேட் 4×8 (3035): 19
- பிளேட் 4×6 (3032): 6
- பிளேட் 4×4 (3031): 6
- பிளேட் 6×8 (3036): 4
- பிளேட் 2×8 (3034): 4
- பிளேட் 1×8 (3460): 4
- பிளேட் 2×16 (4282): 2
- மூன்று துளை லிஃப்டார்ம், அதாவது குமிழ் இல்லாத துளைச் சட்டம் (32523): 6
- கறுப்பு உராய்வுப் பின், அதாவது துளைகளை இணைக்கும் ஆணி (2780): 12
- ஒருபக்கம் குமிழ் உள்ள அரைப் பின் (4274): 32
- குமிழ் இல்லாத வழுவழுப்பான டைல் 2×4: 28

இறக்கைப் பரப்பு, விமானி அறை, எஞ்சின், மேற்பரப்பு டைல்கள் எல்லாம் இதற்கு மேல். சட்டகத் துண்டுகள் எந்த நிறத்திலும் இருக்கலாம், உள்ளே மறைந்துவிடும். பழைய துண்டுகளை மலிவாக வாங்கிப் பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான். ஆனால் பழைய 1×16 கட்டைகளைச் சமமான கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கட்டை வளைந்திருக்கிறது, அதைத் தள்ளிவிடுங்கள். ஒன்று வளைந்தால் கப்பலே வளையும்.

சட்டகம்

செங்கல் வைக்கும் கொத்தனார் மூட்டுக்கு மேல் மூட்டு வர விடமாட்டார். இங்கேயும் அதேதான். கீழே சொல்லும் எண்கள் எல்லாம் கப்பலின் பின்முனையிலிருந்து எண்ணியவை.

அடியில் இரண்டு பிளேட் அடுக்கு. வெளிப்புற அடுக்கில் 4×8 பிளேட் ஐந்தை வரிசையாக வையுங்கள். அதன்மேல் 4×4 ஒன்று, 4×8 நான்கு, மறுபடி 4×4 ஒன்று. முதல் அடுக்கின் சேர்வுகள் 8, 16, 24, 32இல் வரும். இரண்டாம் அடுக்கின் சேர்வுகள் 4, 12, 20, 28, 36இல். ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை.

இதன் இரு ஓரத்திலும் டெக்னிக் கட்டைகளை நீளவாட்டில் வையுங்கள்: 16, 16, 8 என்ற வரிசை. நடுவில் 2 ஸ்டட் இடைவெளி இருக்கும். அதன்மேல் மறுபடி 4×4, 4×8 நான்கு, 4×4. அதற்கு மேல், பின்பக்க 24 ஸ்டட்டுக்கு மட்டும், 4×6 நான்கை நீளவாட்டில். முன்பக்க 16 ஸ்டட்டுக்கு 6×8 இரண்டை வையுங்கள். இவை இருபுறமும் ஒவ்வொரு ஸ்டட் வெளியே நீட்டி நிற்கும். விமானி அறையின் தரை இதுதான்.

பின்பக்கத்தில் 4×6 பிளேட்களுக்கு மேல் இரண்டாவது டெக்னிக் வரிசை: 8, 16. இதன் மூட்டு 8இல் வருகிறது. கீழ் வரிசையின் மூட்டுகள் 16, 32இல்.

இரண்டு டெக்னிக் வரிசைக்கும் நடுவே ஏன் சரியாக இரண்டு பிளேட்? ஒரு கட்டையும் இரண்டு பிளேட்டும் சேர்ந்தால் 5 பிளேட், 16 மி.மீ. அப்போது மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் உள்ள தூரம் சரியாக 2 ஸ்டட். மூன்று துளை லிஃப்டார்மின் முதல் துளையும் மூன்றாம் துளையும் அந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு பிளேட்டையோ மூன்று பிளேட்டையோ வைத்தால் பின் நுழையாது. அழுத்தி நுழைத்தாலும் கட்டை அந்த இழுப்பிலேயே கிடந்து, நாளடைவில் வெடிப்பு விடும்.

பின்முனையிலிருந்து 1, 10, 19 ஸ்டட் தூரத்தில் இருக்கும் துளைகளில், வெளிப்பக்கமாக, லிஃப்டார்மைச் செங்குத்தாக வைத்து மேலும் கீழும் ஒவ்வொரு கறுப்புப் பின் போடுங்கள். பக்கத்துக்கு மூன்று. இவை கப்பலின் விலா எலும்புகள். குமிழ்ப் பிடிப்பு மேல்நோக்கி இழுத்தால் விடும். குறுக்கே போட்ட பின் விடாது. துளைகளை எண்ணாமல் ஸ்டட்டை எண்ணுங்கள், ஏனென்றால் இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் துளையே இருக்காது. துளையை எண்ணினால் அங்கே ஒன்று தவறிவிடும்.

இப்போது ஒரு சோதனை. சட்டகத்தின் ஒரு முனையை மட்டும் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்குங்கள். எங்காவது வாய் பிளந்தால் அங்கே பிளேட் முழுதாக அமரவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், அமராத இடத்தில் மயிரிழை அளவு வெளிச்சக் கோடு தெரியும். மேசைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் அந்தக் கோடு மறைய வேண்டும். இந்தச் சோதனையில் தேறாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தோல்

கவனித்தால், அடிமட்டத்திலிருந்து மேல் டெக்னிக் கட்டையின் தலைவரை 2+3+2+3 என்று 10 பிளேட் உயரம். அது சரியாக 4 ஸ்டட். டெக்னிக் துளையின் மையம் கட்டையின் தலையிலிருந்து 4 மி.மீ. கீழே இருக்கிறது, அதாவது அரை ஸ்டட். எனவே துளையில் அரைப் பின்னைச் செருகினால் வெளியே நிற்கும் குமிழ், 4 ஸ்டட் உயரப் பிளேட்டின் முதல் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நேராக நிற்கும். ஒரு மில்லிமீட்டர்கூட விலகாது. பிராக்கெட் எதுவும் தேவையில்லை.

பக்கத்துக்கு 4×8 இரண்டு, 4×4 ஒன்று. விலாக்களுக்கு நடுவே இவை கச்சிதமாக அடையும். அரைப் பின் வைக்க வேண்டிய தூரங்கள்: முதல் பலகைக்கு 3, 7, இரண்டாவதற்கு 12, 17, மூன்றாவதற்கு 20, 23. ஒவ்வொன்றிலும் மேல் துளை, கீழ்த் துளை இரண்டிலும்.

பலகையைக் கப்பலில் மாட்டிவிட்டு அதன்மேல் டைல் ஒட்டாதீர்கள். முதலில் மேசையில் வைத்து டைல் முழுவதையும் ஒட்டிவிட்டு, பலகையாகக் கொண்டுபோய் மாட்டுங்கள். அரைப் பின்னின் பிடி மிதமானது. டைலை அழுத்தும்போது பலகை சாயும். தவறாக ஒட்டிய டைலைப் பெயர்த்தால் பலகையே கையோடு வந்துவிடும்.

முன்பக்கம், விமானி அறைக்குக் கீழே, உயரம் குறைவு. 6×8 பிளேட்டின் வெளியே நீட்டிய ஓரத்துக்கு அடியில் 1×8 பிளேட்டுகளை, பக்கத்துக்கு இரண்டாக, நீளவாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுங்கள். அதற்குக் கீழே சரியாக 2 ஸ்டட் உயரம் மிஞ்சும். அங்கே 2×8 பிளேட் இரண்டு. அரைப் பின் 25, 30இலும் 34, 38இலும்.

பின்பக்கத்தின் மேலே கடைசியாக மேற்பலகை: 4×6 ஒன்றைக் குறுக்காக, 6×8 இரண்டு, மறுபடி 4×6 குறுக்காக. இது 6 ஸ்டட் அகலம் என்பதால் பக்கத் தோலின் மேல் விளிம்பைக் கூரை இறவாரம்போல மூடிவிடும். பிளேட்டும் டைலும் சேர்ந்த தோலின் தடிமன் 6.4 மி.மீ.; மேற்பலகை நீட்டுவது 8 மி.மீ. மிஞ்சும் 1.6 மி.மீ. நீளம் முழுக்க ஒரு மெல்லிய நிழல் கோடாகத் தெரியும். கப்பலைப் பெரிதாகக் காட்டுவது நூறு அலங்காரத் துண்டுகள் இல்லை, இந்த மாதிரி நேர்க்கோட்டு நிழல்தான்.

இறக்கை

இறக்கையை இரண்டு துண்டாகக் கட்டி இருபுறமும் ஒட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது தொங்கும். இறக்கை ஒரே உத்தரமாக வயிற்றுக்கு அடியில் குறுக்கே ஓட வேண்டும்.

அடியில், 4 முதல் 12 ஸ்டட் வரை, ஒரு 4×8 இடைப்பலகை ஒட்டுங்கள். அதன் கீழே 2×16 பிளேட் இரண்டைக் குறுக்காக, ஒன்று 4–6 ஸ்டட்டிலும் மற்றது 10–12 ஸ்டட்டிலும் வையுங்கள். இருபுறமும் 6 ஸ்டட் நீட்டி நிற்கும். அவற்றை ஒன்றாகக் கட்ட, அடியில் இன்னொரு 4×8. இடைப்பலகையை விட்டுவிட்டு 2×16ஐ நேராக வயிற்றில் ஒட்டினால், உடலை ஒட்டிய முதல் குமிழ்கள் பக்கத் தோலின் அடிவிளிம்பை முட்டித் தள்ளும். பலகைகள் வரிசையாகக் கழலும். இடைப்பலகை கொடுத்த 3.2 மி.மீ. இடத்தில் 1×2 டைலை வைத்து அந்தக் குமிழ்களை மூடிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

மீதி 5 ஸ்டட்டின்மேல் சாய்விளிம்புப் பிளேட்டுகளை வைத்து இறக்கை வடிவத்தைக் கொண்டுவரலாம். இவை இடது, வலது என்று தனித்தனி அச்சில் வருபவை, எண்ணும் வேறு. படத்தைப் பார்த்து ஒரே எண்ணில் நான்கு வாங்கிவிட்டு, ஒரு இறக்கை மட்டும் கட்ட முடிந்தவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு இறக்கைக்கும் குறைந்தது இரண்டு அடுக்கு வேண்டும். நுனியில் விமானங்களைப் போலவே இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையுமாக ஒளிபுகும் 1×1 துண்டு வைத்தால், பார்ப்பவருக்குக் கப்பலின் திசை சொல்லாமலே புரியும்.

இறக்கையைச் சாய்க்கவோ மூக்கைக் கூம்பாக்கவோ கீல் பிளேட் பயன்படுத்துகிறவர்கள் கோணத்தைக் கண்ணளவில் விடாதீர்கள். பள்ளியில் படித்த பிதாகரஸ் கணக்கு இங்கே அப்படியே உதவும். 3-4-5 அல்லது 5-12-13 அளவுகளில் முக்கோணம் அமைத்தால் இரு முனையும் குமிழில் சரியாகப் போய் உட்காரும். 5-12-13 தரும் ஏறக்குறைய 22.6 பாகைச் சாய்வு விண்கப்பலுக்கு மிகவும் பொருந்தும். தூரத்தைத் துளையின் மையத்திலிருந்து மையத்துக்கு எண்ண வேண்டும். டெக்னிக் சட்டத்தில் 5 அளவு வேண்டுமென்றால் 6 துளை உள்ள நீளம் தேவை. 5 துளையை எண்ணி வைத்தால் முக்கோணம் மூடாது.

விமானி அறை, எஞ்சின்

தரையிலிருந்து மேற்பலகை மட்டம்வரை 4 பிளேட். ஒரு கட்டை வரிசை, அதன்மேல் ஒரு பிளேட் வரிசை, பக்கச்சுவர் முடிந்தது. அதற்கு மேல் ஒரு அடுக்கு டைலோ பிளேட்டோ 24ஆவது ஸ்டட்டைத் தாண்டிப் பின்னுடலின்மேலும் ஏறும்படி வையுங்கள். முன்னும் பின்னும் கட்டுப்படுவது அங்கேதான். பொம்மைக்குத் தலைக்கவசம் போட்டே உட்காரவைத்துச் சோதியுங்கள். முதுகில் காற்றுக் கலன் மாட்டினால் இருக்கைக்குப் பின்னே இன்னும் இடம் வேண்டும்.

எஞ்சினுக்கு 2×2 உருளைக் கட்டைகள் போதும். அவற்றின் நடுவே அச்சுத் துளை இருக்கிறது. மூன்று நான்கு கட்டைகளை ஒரு டெக்னிக் அச்சில் கோத்துவிட்டால் குமிழை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நுனியில் ஒளிபுகும் துண்டு. ஒளிபுகும் துண்டை இன்னொரு ஒளிபுகும் துண்டோடு அழுத்தாதீர்கள். பிரிக்கும்போது படாத பாடு படுத்தும்.

நிறமும் அலங்காரமும்

1978இல் தொடங்கிய லெகோவின் விண்வெளித் தொடரை நினைத்துப் பாருங்கள். நீலம், சாம்பல், ஒளிபுகும் மஞ்சள். மூன்றே நிறம். அதன் பெரிய கப்பல் 497ஆம் எண் தொகுப்பாக 1979இல் வந்தது. 2022இல் அதையே 1,254 துண்டுகளில் பெரிதாக்கி 10497 என்று மறுபடி வெளியிட்டபோதும் அந்த மூன்று நிறத்தை மாற்றவில்லை. பெட்டியில் இருக்கும் எல்லா நிறத்தையும் பூசினால் கப்பல் திருவிழாக் கடை ஆகிவிடும். ஒரு முக்கிய நிறம், ஒரு துணை நிறம், கோடு போட ஒரு நிறம். போதும்.

சாம்பலில் ஒரு பொறி இருக்கிறது. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை நீலச்சாயல் உள்ளதாக மாற்றியது. பழைய சாம்பலும் புதிய சாம்பலும் பையில் ஒன்றுபோலத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அழுக்குத் திட்டுபோலப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பழைய துண்டு வாங்கும்போது எந்தச் சாம்பல் என்று கேளுங்கள். பழைய பழுப்பு, அடர் சிவப்புத் துண்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். அவை எளிதில் நொறுங்கும்.

குழாய், வால்வு, கட்டம் என்று மேற்பரப்பில் ஒட்டும் சில்லறைத் துண்டுகளைக் கிரீபிள் என்பார்கள். இவற்றை எங்கும் தூவக் கூடாது. எஞ்சின் பக்கம், விலாவின் ஓரம், வயிற்றுப் பகுதி என்று பள்ளமான இடங்களில் கொத்தாக வைத்து, மற்ற இடங்களை வழுவழுப்பாக விட்டால்தான் இரண்டும் எடுபடும்.

துண்டு வாங்குவது

பிரிக்லிங்க் தளத்தின் ஸ்டுடியோ மென்பொருள் இலவசம். முழுக் கப்பலையும் அதில் கட்டிப் பார்த்து, துண்டுப் பட்டியலை நேராகக் கொள்முதல் பட்டியலாக மாற்றலாம். திரையில் எந்தத் துண்டுக்கும் எந்த நிறமும் பூச முடியும். அந்த நிறத்தில் அந்தத் துண்டு வந்ததே இல்லை என்பது வாங்கப் போகும்போதுதான் தெரியவரும். விலை பார்க்காமல் நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

வெளிநாட்டுக் கடைகளில் வாங்கினால் தபால் செலவும் சுங்க வரியும் துண்டின் விலையைத் தாண்டிவிடக் கூடும். பத்துக் கடையில் மலிவாக வாங்குவதைவிட, இரண்டு கடையில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது மொத்தத்தில் குறைவாக முடியும். சட்டகத்துக்கு வேண்டிய பின்களைப் பத்திருபது கூடுதலாகவே வாங்குங்கள். ஒரு அரைப் பின் குறைந்தால் அதற்காக இன்னொரு தபால் செலவு.

நிறுத்தி வைப்பது

கட்டி முடித்த கப்பலை ஒரு விரலின்மேல் குறுக்காக வைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். எஞ்சின் கனத்தால் அந்த இடம் பெரும்பாலும் நடுவைவிடப் பின்னே இருக்கும். தாங்கியின் கம்பம் அதற்கு நேர் கீழே வர வேண்டும். அங்கே இறக்கையின் அடிப்பலகை இருந்தால் அதையே பிடிமானமாக்கலாம். நேர் வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். வெள்ளைத் துண்டுகள் பழுத்துப்போகும். தூசியை மெல்லிய வண்ணத் தூரிகையால் தட்டுங்கள். துணியால் துடைத்தால் இறக்கை நுனி 1×1 துண்டு துணியோடு போய்விடும்.